திண்ணைச் சிவப்பும் பின்கட்டு வெளிச்சமும்

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் பூர்வீக வீட்டைப் புதுப்பித்து முடிக்கப் பதினான்கு மாதங்கள் ஆயின. தொடங்கியபோது திண்ணையும் தேக்குத் தூண்களும் மட்டுமே பழைய அழகோடு நின்றன. முன்பு ஒருமுறை நடந்த பழுதுபார்ப்பில் உள்ளே பளபளக்கும் வெள்ளை டைல்ஸ் பதித்து, சுண்ணாம்புச் சுவர்களின் மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். நிலைவாசலைத் தாண்டினால் வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்ததுபோல் இருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளில் தலைவாசலும் முற்றமும் பின்வாசலும் ஒரே நேர்க்கோட்டில் அமைவதால், கதவுகள் திறந்திருக்கும்போது தெருவில் நிற்பவருக்குப் பின்கட்டு வரை தெரியும். ஆகவே முகப்பு வேறு, உள்வீடு வேறு என்று பிரித்து யோசிக்கவே இங்கு இடமில்லை. எந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மாதிரியை உள்ளே வைத்துவிட்டு, தெருவுக்கு வந்து நின்று பார்த்த பிறகே முடிவு செய்தோம்.

சுவர் வேலைதான் எங்கள் பொறுமையை அதிகம் சோதித்தது. சிமெண்டுப் பூச்சுக்குள் ஈரம் தங்கி, சுவர் பல இடங்களில் உப்பிப் பொரிந்திருந்தது. அதை முழுவதும் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த சுண்ணாம்புச் சாந்தை உள்ளும் புறமும் ஒரே கையால் பூசவைத்தோம். மே மாத வெயிலில் முகப்புப் பூச்சு வேகமாகக் காய்ந்து வெடித்ததால், ஈரச் சாக்கு கட்டி மறுபடியும் பூச வேண்டியதாயிற்று.

தரைக்கு ஆத்தங்குடிக் கல், அதாவது ஆத்தங்குடி ஊரில் கையால் வார்க்கும் சிமெண்டு டைல்ஸ். பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்தபின் உலர்ந்த மணல் சிமெண்டுக் கலவையைத் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை இட்டு மட்டம் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகத்தில் இறங்குகிறது. திண்ணையின் காவிச் சிவப்பையே உள்ளே பூக்கல்லைச் சுற்றிப் புடவைக்கரைபோல் ஓடவிட்டோம்.

கைவேலை என்பதால் இரண்டாம் தவணையில் வந்த கற்களின் சிவப்பு சற்றுக் கறுத்திருந்தது. நிலைவாசலருகே அது கண்ணை உறுத்தியது. “கல்லைப் பட்டறை வெளிச்சத்துல பாக்காதீங்க தம்பி, வீட்டு வெளிச்சத்துல வச்சுப் பாருங்க” என்று மேஸ்திரி சொன்னதைக் கேட்டு, அந்தக் கற்களைப் பின்கட்டுக்கு மாற்றினோம். முற்றத்து வெயிலைத் தாண்டிப் பார்க்கும்போது அந்த நிறபேதம் தெரியவே இல்லை.

இப்போது தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால், திண்ணையில் தொடங்கிப் பின்வாசல் வரை, இடையில் நிறுத்தாமல் துடைக்கிறோம்.