நாலு மணிக் கட்டம்

நவம்பர் 4
இன்றும் நைட்டுக்கு வார்டில் நர்ஸ் நான் ஒருத்திதான். கட்டில் 32, ஆள் 51. மிச்சப் பேர் தரையில் பாய் விரித்து. டிரிப் பாட்டில்கள் ஜன்னல் கம்பியில், பாண்டேஜ் துணியால் கட்டித் தொங்குகின்றன.

நவம்பர் 5
ரிலீவர் வரவில்லை. காலை ஏழுக்கு முடிய வேண்டியது பத்தரைக்கு முடிந்தது.

நவம்பர் 7
இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி என்றால் மூன்று பேருக்கு ஒருவர். படிக்கும்போது மனப்பாடம் செய்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன்!

நவம்பர் 8
தூங்கினேன்.

நவம்பர் 9
பதினேழாம் கட்டில். காலேஜ் பையன், டெங்கு, ஐந்தாம் நாள். ராத்திரி காய்ச்சல் விட்டதும் அவன் அம்மா நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். எனக்கு அப்போதுதான் பயம் ஆரம்பித்தது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான். மேல் பி.பி.க்கும் கீழ் பி.பி.க்கும் நடுவில் வித்தியாசம் இருபதுக்கு வந்துவிட்டால் ஓட வேண்டும். மணிக்கொரு தரம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒன்று, இரண்டு, மூன்று பார்த்தேன். நாலுக்கு வாசலோரப் பாட்டிக்கு வலிப்பு. அதை முடித்து உட்கார்ந்தால் நாலே முக்கால். சார்ட்டில் நாலு மணிக் கட்டம் காலி. மூன்று மணிக்கு 110/70. நாலுக்கும் அதையே எழுதினேன்.

ஐந்துக்கு 96/78. கை சில்லிட்டிருந்தது.

ஐ.சி.யூ.வுக்கு மாற்றினோம்.

நவம்பர் 10
ஆஃப் கேட்டேன். "நீயும் போனா யாரும்மா இருக்கா?" என்றார் சூப்பிரண்ட். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

2015இல் சேர்ந்தபோது தொகுப்பூதியம் 7,700 ரூபாய், இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றார்கள். அப்புறம் எத்தனை தீபாவளி! கூடச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் சவுதி போய்விட்டார்கள்.

நாலு மணிக்கு எவ்வளவு இருந்திருக்கும்?

நவம்பர் 12
படிக்கட்டில் அவன் அம்மா, கையில் கஞ்சித் தூக்கு. பையன் கண் திறந்து பேசுகிறானாம். "ராத்திரி பூரா வந்து வந்து பாத்தீங்களே சிஸ்டர்" என்றார். சரிம்மா என்று இறங்கிவிட்டேன்.

நவம்பர் 13
58 பேர். பி.பி. கருவியில் காற்று நிற்கவில்லை. பக்கத்து வார்டில் இரவல்.

நவம்பர் 14
மூன்று மணிக் கட்டம் வரை எழுதியாயிற்று, எல்லாம் பார்த்து எழுதியது. தரையில் யாரோ சிஸ்டர் என்கிறார்கள்.