டிசம்பர் கணக்கு

டிசம்பர் பிறந்தாலே பல்கலைக்கழகத்தில் எல்லாருக்கும் கணக்கு முடிக்கிற பதற்றம் வந்துவிடும். ஆய்வு மானியத்தில் மிச்சம் இருப்பதை ஆண்டு முடிவதற்குள் காட்டியாக வேண்டும். கிளைம் பாரத்தோடு ஒட்ட எடுத்துவைத்த பார்க்கிங் ரசீதுகளில் பாதி, எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிட்டன. நிதிப் பிரிவுக்கு விளக்கக் கடிதம் எழுதும் நேரத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரையே எழுதி முடிக்கலாம்.

லண்டனில் இருக்கும் நண்பர் "லீவு விட்டாச்சா?" என்று கேட்கிறார். இங்கே கோலாலம்பூரில் கிறிஸ்துமஸுக்கு 25ஆம் தேதி ஒரு நாள்தான் பொது விடுமுறை. பருவமும் பாதியில் நிற்கிறது, திருத்த வேண்டிய இடுபணிகள் மேசை நிறைய.

சாயங்காலமானால் பிரிக்பீல்ட்ஸில் பாடகர் குழு ஒத்திகை. மழையில் எல்ஆர்டி ரயில் பிடித்து, நனைந்த சட்டையோடு போய் நின்றால், ஆர்மோனியக்கார அண்ணன் சுருதியைப் பிடித்தபடியே கண்ணால் முறைப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் கால வளையத்தில் மூன்றாம் ஞாயிற்றின் இளஞ்சிவப்பு மெழுகுவர்த்தியும் ஏற்றியாகிவிட்டது. எங்கள் குழு இன்னும் இரண்டாவது சரணத்திலேயே தடுமாறுகிறது. நடுவில் கைப்பேசி அதிரும்: "டாக்டர், மூணாவது அத்தியாயம் அனுப்பிட்டேன், பார்த்தீங்களா?" ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் எப்படித்தான் நேரம் தெரிகிறதோ!

பக்கத்து அறை மலாய்ப் பேராசிரியர் இப்போதே அச்சு முறுக்குக்குச் சொல்லிவைத்துவிட்டார். அம்மாவிடம் சொன்னேன். "அவருக்குத் தனி டின்," என்றார்.

சரி, 25 மாலை நம் வீட்டில் எல்லாரையும் வரவேற்கும் திறந்த இல்ல விருந்து. வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். அத்தியாயத்தோடு வருபவர்களுக்குப் பிரியாணி கிடையாது.