ஓட்டு கூடினால் தோல்வி

ஏப்ரல் 6, 2010
பிரிட்டன் பிரதமர் பிரவுன் நாடாளுமன்றத்தைக் கலைக்கக் கேட்டு அரண்மனைக்குப் போய் வந்துவிட்டார். மே 6 தேர்தல். உள்ளாட்சிக்கும் அன்றே. கிழக்கு லண்டனின் பார்க்கிங்-டாகெனம் கவுன்சிலில் தீவிர வலதுசாரிக் கட்சியான பி.என்.பி.க்கு (பிரிட்டிஷ் தேசியக் கட்சி) 12 பேர். 2006-இல் நிறுத்திய 13 பேரில் கிட்டத்தட்ட எல்லாருமே ஜெயித்தார்கள். கூட்டம் வராத தேர்தல் அது. இப்போது நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட வருகிறவன் கவுன்சிலுக்கும் குத்திவிட்டுப் போவான். அவர்களுக்கு இது ஆகாது.

ஏப்ரல் 9
வடமேற்கு இங்கிலாந்துக் கணக்கு விடவே மாட்டேன் என்கிறது. 2004 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல்: பி.என்.பி.க்கு 1,34,959 ஓட்டு, 6.4 சதவீதம், இடம் இல்லை. 2009: 1,32,094 ஓட்டு, 8 சதவீதம், கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்! 2004-இல் அங்கே முழுக்கத் தபால் ஓட்டு, 41 சதவீதம் பதிவானது. 2009-இல் எம்.பி.க்களின் படிப்பண ஊழலில் வெறுத்துப்போய் ஆளும் லேபர் கட்சிக்காரன் வீட்டிலேயே இருந்துவிட்டான். பதிவு 32-க்கும் கீழே. கட்சி வளரவில்லை, சுற்றியிருந்த தண்ணீர் வற்றியது.

ஏப்ரல் 10
மில்வால், கிழக்கு லண்டன் வார்டு. அங்கேயும் இதே கணக்குதான்.

ஏப்ரல் 20
மாலை 4 மணியோடு மனுத்தாக்கல் முடிந்தது. பி.என்.பி.க்கு 338 பேர். ஆளுக்குத் தொகுதி வாக்காளர் 10 பேர் கையெழுத்து, 500 பவுண்டு டெபாசிட். மொத்தம் 1,69,000. ஐந்து சதவீதம் தாண்டாவிட்டால் பணம் போச்சு. இங்கிலாந்தில் டிவி பிரசாரத்துக்கு அங்குள்ள தொகுதிகளில் ஆறில் ஒரு பங்கு போதும்: 533-க்கு 89. அதற்கு மேல் நிறுத்தியதெல்லாம் வெறும் வீம்பு. ஆளுக்கொரு இலவசத் தபால் உண்டுதான். ஆனால் துண்டுப்பிரசுரம் அச்சடிக்கிற காசு யார் தருவது?

ஏப்ரல் 22
கட்சியின் பிரசார வீடியோவின் மூலையில் மார்மைட் ஜாடி, ரொட்டியில் தடவுகிற பண்டம். அதைத் தயாரிக்கிற யூனிலீவர் வக்கீலைக் கூப்பிட்டுவிட்டது. சிரித்து முடியவில்லை.

மே 4
தேர்தலுக்கு இரண்டு நாள். கட்சியின் இணையதளத்தை அதைக் கவனித்து வந்த ஆளே மூடிவிட்டுத் தலைமை மேல் புகார்ப் பட்டியல் போட்டிருக்கிறார். கூடவே இருப்பவனிடம் சாவி இருந்தால் இதுதான்.

மே 7
பார்க்கிங் நாடாளுமன்றத் தொகுதி: லேபரின் மார்கரெட் ஹாட்ஜ் 24,628. கிரிஃபின் 6,620, மூன்றாமிடம். 2005-இல் அதே கட்சி அங்கே வாங்கியது 4,916. ஓட்டு கூடியது, சதவீதம் 16.9-இலிருந்து 14.6.

மே 8
பன்னிரண்டும் போச்சு. கவுன்சிலில் 51-க்கு 51 லேபர். நாடு முழுக்க 1.9 சதவீதம். டெபாசிட்டில் மட்டும் லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம்.

மே 9
மில்வால், 1993 செப்டம்பர் கவுன்சில் இடைத்தேர்தல்: பி.என்.பி.யின் டெரெக் பீக்கன் 1,480 ஓட்டு, 7 ஓட்டில் வெற்றி. எட்டு மாதம் கழித்து 2,041 வாங்கித் தோற்றார். 16 வருஷமாக இந்தக் கணக்குத் தாள் அவர்கள் கையிலேயே இருக்கிறது