மாவுச்சத்தைக் குறைத்துப் பார்த்த ஐந்து மாதம்

முதல் நாள் காலையில் ஒரு கிண்ணம் சோற்றைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தேன். 150 கிராம். நான் வழக்கமாகச் சாப்பிடுவதில் பாதிகூட இல்லை. அதிலேயே ஏறக்குறைய 42 கிராம் மாவுச்சத்து, அதாவது சர்க்கரையும் சேர்ந்த கார்போஹைட்ரேட். நான் எனக்குப் போட்டுக்கொண்ட வரம்போ ஒரு நாளைக்கு 50 கிராம். கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டிவிட்டு முட்டை உடைக்கப் போனேன்.

இதில் இறங்கியதற்குக் காரணம் ஒரு ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. எடை 84 கிலோ. மருத்துவரிடம் யோசனை கேட்டபோது, சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறேனா என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றதும், "சரி, செய்து பாருங்கள், மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டோடு வாருங்கள்" என்றார். ஏதோ சம்பிரதாயக் கேள்வி என்று நினைத்தேன். பிறகுதான் விஷயம் புரிந்தது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர் மருந்தின் அளவை மாற்றாமல் மாவுச்சத்தை மட்டும் வெட்டினால், சர்க்கரை மயக்கம் வரும் அளவுக்கு இறங்கிவிடலாம். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் ஆபத்து வேறு. நாளைக்கே தொடங்கலாம் என்று இருப்பவர்கள் முதலில் தங்கள் மாத்திரை அட்டையைப் பார்த்துவிடுங்கள்.

ஐந்தே நாளில் 2.4 கிலோ குறைந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்று அப்போது தெரியாது. உடல் குளுக்கோஸை கிளைகோஜனாக மாற்றி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, மொத்தம் சுமார் 500 கிராம். ஒவ்வொரு கிராமும் தன்னோடு 3 கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சேமிப்பு கரையக் கரைய அந்தத் தண்ணீரும் போய்விடுகிறது. என் தொப்பை இருந்த இடத்திலேயேதான் இருந்தது.

தண்ணீரோடு உப்பும் போனது. இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகம் வெளியேற்றும். அது தெரியாமல், ஆரோக்கியமாக இருக்கிறேன் என்று நானாகவே உப்பையும் குறைத்து வைத்திருந்தேன். மூன்றாம் நாள் தலைவலி. நான்காம் நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியது. ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. மாவுச்சத்தை இப்படி மிகவும் குறைப்பதைக் கீட்டோ உணவு என்பார்கள், இந்தத் தொல்லையைக் கீட்டோ காய்ச்சல் என்கிறார்கள், காய்ச்சலே இல்லாத காய்ச்சல். உப்புப் போட்ட சூடான சூப் இரண்டு கோப்பை குடித்த பிறகு தலை தெளிந்தது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதை என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம்.

இரண்டாம் வாரம் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் மூக்கைச் சுளித்தாள். "அப்பா, உங்க வாயில நெயில் பாலிஷ் அழிக்கிற வாசனை வருது." உண்மைதான். குளுக்கோஸுக்குப் பதில் எரிபொருளாக ஈரல் கொழுப்பிலிருந்து கீட்டோன்களைத் தயாரிக்கும்போது அசிட்டோனும் கொஞ்சம் உண்டாகும், அது மூச்சில் வெளியேறும். பாட்டிலில் இருப்பதும் அதேதான். எனக்கு ஒரே பெருமை. கீட்டோன் இருக்கிறதா என்று சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகள் ஒரு டப்பா வாங்கினேன். தினமும் அடர் ஊதா வந்தால் அன்றைக்கு நான் ராஜா. ஆறாம் வாரத்தில் நிறம் வெளிறத் தொடங்கியதும் பதறிப்போய், காய்கறியைக்கூடக் குறைத்தேன். அந்தப் பட்டை காட்டுவது சிறுநீரில் வழிந்து வெளியேறும் அசிட்டோஅசிடேட் என்ற ஒரு கீட்டோனை மட்டும். தண்ணீர் நிறையக் குடித்தாலே நிறம் மங்கும். உடல் பழகப் பழக வீணாக வெளியேறுவதும் குறையும். மிச்சப் பட்டைகள் குப்பைக்குப் போயின. காய்கறியைக் குறைத்ததற்கு மலச்சிக்கல்தான் பலன், அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

நான் எதிர்பார்க்காத ஒரு மாற்றம் பசியில். முன்பெல்லாம் காலை 11 மணிக்கு வயிறு கூப்பிடும், பிஸ்கட் டப்பாவைத் தேடிக் கை தானாகப் போகும். மூன்றாம் வாரத்திலிருந்து அந்த 11 மணி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆசை மட்டும் போகவில்லை. யாராவது ரொட்டி சுட்டால் அந்த வாசனைக்கே எழுந்து போய் அடுப்படியில் நிற்பேன். பசியும் ஆசையும் வேறு வேறு என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது.

எட்டாம் வாரத்திலிருந்து எடை நகரவில்லை. பத்தாவது வாரமும் அதே எண். உண்டதையெல்லாம் நாலு நாள் எழுதிப் பார்த்தேன். முதல் குற்றவாளி தேநீர். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து, நானோ ஒரு நாளைக்கு அவ்வளவு பாலைத் தேநீரிலேயே குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாதாம். ஒரு கைப்பிடி, 30 கிராம், ஏறத்தாழ 170 கலோரி. எனக்கு அது மூன்று கைப்பிடியாகியிருந்தது. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்து 4. மாவுச்சத்தை விட்டால் கலோரிக் கணக்கே வேண்டாம் என்று சொல்பவர்களை நம்பியிருந்தேன், என் தப்பு. 609 பேரை ஓராண்டு கவனித்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வு 2018இல் வெளியானது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். அந்த வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. அதை முன்பே படித்திருந்தால் சோற்றை எதிரியாகப் பார்த்திருக்க மாட்டேன்.

மூன்றாம் மாதம் பரிசோதனை. கூடவே 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் குடித்துவிட்டு எடுக்கும் சோதனையையும் செய்துகொண்டேன். இரண்டு மணி நேரம் கழித்து 186. 140க்குக் கீழே இருக்க வேண்டியது. இத்தனை பாடும் இதற்குத்தானா என்று அன்றிரவு தூக்கமே இல்லை. மறுநாள் மருத்துவர் தாளைப் பார்த்ததும், "இதற்கு முன்னால் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?" என்றார். ஒரு நாளைக்கு 150 கிராமாவது மாவுச்சத்து மூன்று நாள் சாப்பிட்ட பிறகுதான் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டுமாம். மாவுச்சத்தே பார்க்காத உடலுக்குத் திடீரென்று குளுக்கோஸ் கொடுத்தால் அது தடுமாறும். பரிசோதனைக் கூடத்தில் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று நாள் சோறு சாப்பிட்டுவிட்டு மறுபடி எடுத்தேன், 132. அந்த மூன்று நாளில் எடை 1.3 கிலோ ஏறியது. இந்தத் தடவை நான் பதறவில்லை. தண்ணீர் வீடு திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

மற்ற முடிவுகள்: எடை 77.5. எச்பிஏ1சி 5.7, அதாவது இன்னும் கோட்டின் மேலேதான் நிற்கிறேன். ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 210இலிருந்து 118. ஆனால் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 122இலிருந்து 168க்கு ஏறிவிட்டது. முட்டையைப் பொரித்ததும் கறியைப் புரட்டியதும் எல்லாம் வெண்ணெயில். மருத்துவருக்கு மற்ற எண்களைவிட இதுதான் கண்ணில் பட்டது. வெண்ணெயை விட்டு மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் என்று மாறச் சொன்னார், வரம்பையும் தளர்த்தச் சொன்னார். ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே இருந்தாலே அது குறை மாவுச்சத்து உணவுதான், கீட்டோவரை போக வேண்டியதில்லை என்றார். அடுத்த இரண்டு மாதம் 110 கிராம் அளவில் இருந்தேன். எல்டிஎல் 131க்கு வந்தது, சர்க்கரை அதே 5.7இல் நின்றது, எடை 78.

இப்போது மதியம் ஒரு கிண்ணம் சோறு உண்டு. முதல் நாள் நிறுத்த அதே கிண்ணம்தான். கை அளவு பழகிவிட்டது என்று தராசை மேலே தூக்கி வைத்துவிட்டேன். போன வாரம் ஏதோ சந்தேகம் வந்து, இறக்கி நிறுத்துப் பார்த்தேன். 210 கிராம்.