அடையாள அட்டை கைக்கு வந்த கதை

கோலாலம்பூரில் ஏழு மாதங்கள் தெருவில் உறங்கினேன். பாதுகாவலர் வேலையில் சம்பளம் நிலுவையில் நின்றது. வாடகை கட்ட முடியாமல் அறையைக் காலி செய்தேன். புடுராயா பேருந்து நிலையம் அருகே உறங்கிய ஓர் இரவில் பையும் களவு போனது. என் அடையாள அட்டை அதில்தான் இருந்தது. அட்டை இல்லாதவனுக்கு முறையான வேலையும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை.

புகார் கொடுக்கப் போலீஸ் நிலையத்துக்குப் போக நான் அஞ்சினேன். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டத்தின்படி, தெருவில் இருப்பவரை அழைத்துச் சென்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம்; விசாரணைக்குப்பின் மூன்று ஆண்டுகள் வரை நல இல்லத்தில் தங்கவைக்க உத்தரவிடலாம். சட்டம் படித்தவர்கள் எங்களிடையே இல்லை என்றாலும், "மெர்சிங்குக்கு ஏற்றிவிடுவார்கள்" என்ற பேச்சு எல்லாருக்கும் தெரியும்; ஜொகூரிலுள்ள மெர்சிங்கில்தான் அத்தகைய நல இல்லம் ஒன்று இருக்கிறது. இரவில் அதிகாரிகளின் லாரி வந்தால், மஸ்ஜிட் ஜாமெக் ஆற்றங்கரைப் பக்கம் ஓடுவோம். இருமுறை ஓடியிருக்கிறேன்.

உணவுப் பொட்டலம் கொடுக்க வந்த ஒரு தம்பிதான் அந்த அச்சத்தை உடைத்தார். "அண்ணே, அட்டை திருடு போனதென்று போலீஸ் புகார் இருந்தால் அபராதம் கட்ட வேண்டியதில்லை, நான் கூட வருகிறேன்" என்றார். தொலைத்துவிட்டதாகச் சொன்னால் முதல்முறைக்கே 100 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் என்று கேள்விப்பட்டு, அந்தப் பணம் சேரட்டும் என்று காத்திருந்தே மாதங்களைக் கழித்திருக்கிறேன். இந்த ஒரு தகவல் முன்பே யாராவது சொல்லியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஜாலான் பகாங்கில் மாநகர் மன்றம் 2017இல் திறந்த இடைத்தங்கல் மையத்தில் குளிக்கவும் படுக்கவும் இடம் கிடைத்தது. நகர மையத்தில் 2 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உணவு வழங்கவே தடை வரும் என்று 2014இல் அறிவிக்கப்பட்டதை நினைத்தால், இது பெரிய மாற்றம்.

போலீஸ் புகாரோடு, அடையாள அட்டை வழங்கும் தேசியப் பதிவிலாகாவுக்குப் போனேன்; அங்கே எதிர்பாராத தடை ஒன்று வந்தது. இடையில் உணவுக்கடைகளில் தட்டு கழுவியதால் என் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோய், கருவி அதைப் படிக்கவில்லை. நான்கு முறை வைத்தும் பயனில்லாமல் போனபோது, என் பெயரே அழிந்துவிட்டதைப்போல் உணர்ந்தேன். முகப்பிலிருந்த அம்மா பொறுமையாக வேறு விரல்களை வைக்கச் சொன்னார். ஆள்காட்டி விரலில் ரேகை பொருந்தியது. அட்டை வந்தபின் மற்றவை விரைவாகவே நடந்தன: வங்கிக் கணக்கு, துப்புரவு வேலை, செந்தூலில் ஒரு வாடகை அறை.

என் பக்கத்தில் படுத்திருந்த பெரியவர் இன்னும் மீளவில்லை. தோட்டத்தில் பிறந்த அவருக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அட்டையைப் புதுப்பிப்பது வேறு, இல்லாத அட்டையை முதன்முதலாகப் பெறுவது வேறு. அவர் பிறந்ததற்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரு மூதாட்டியைத் தேடி, வரும் ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தத் தோட்டத்துக்குப் போகிறோம்.