26 என்று எழுதியிருந்த குழாயின் உள்ளே 20தான்

வீட்டுத் தரையைச் சூடாக்கும் நீரை ஹீட் பம்ப்பிலிருந்து (வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் இழுத்து நீரைச் சூடாக்கும் கருவி) மேனிஃபோல்டு (தரைச் சுற்றுகளுக்கு நீரைப் பிரித்துவிடும் பகுதி) வரை கொண்டுபோகும் குழாயை இந்த வாரம் முழுவதுமாகக் கழற்றி மாற்றினேன். தரைக்குள் ஓடும் 16 மி.மீ. சுற்றுகளில் குறை இல்லை. போக 12 மீட்டர், வர 12 மீட்டர் ஓடும் பிரதான குழாயில்தான் சிக்கல்.

முதலில் போட்டது 26 மி.மீ. வெளிவிட்டமுள்ள அடுக்குக் குழாய், நடுவில் அலுமினியம், இருபுறமும் பிளாஸ்டிக். செம்பில் 28 வேண்டும் என்று தெரியும். 26 அதை ஒட்டித்தானே இருக்கிறது என்று நம்பினேன். இந்தக் குழாயின் சுவர் 3 மி.மீ. இருபுறமும் கழித்தால் உள்ளே 20தான் மிஞ்சும். 28 செம்புக்குச் சுவர் 0.9 மி.மீ., உள்விட்டம் 26.2. ஆக, நான் போட்டது 22 செம்புக்குத்தான் சமம். போதாததற்கு, இந்த வகை எல்போக்கள் (வளைவில் குழாய்களை இணைக்கும் துண்டுகள்) குழாய்க்குள் நுழைந்து பொருந்துபவை. ஒவ்வொரு முனையிலும் வழி இன்னும் குறுகுகிறது.

நீரைச் சுற்றவிடும் பம்பு முழு வேகத்தில் ஓடியும் நிமிடத்துக்கு 17 லிட்டருக்கு மேல் ஏறவில்லை. எல்போக்களில் இரைச்சல். போகும் நீர் 35 டிகிரி, திரும்புவது 28.

கணக்கை அப்போதுதான் ஒழுங்காகப் போட்டேன். என் தேவை 8 கிலோவாட். பாய்லரில் போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் 20 டிகிரி வித்தியாசம் வைத்தால் நிமிடத்துக்கு 6 லிட்டர் போதும். ஹீட் பம்ப்புக்கு 5 டிகிரிதான் வைக்கிறோம்; அதே வெப்பத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். உள்விட்டம் 20 என்றால் வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர், 24 மீட்டர் நேர்குழாய் மட்டுமே பம்பு தரும் அழுத்தத்தில் ஏறத்தாழ 2 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தை விழுங்கிவிடும். உள்விட்டம் 26 ஆனால் வேகம் 0.7, இழப்பு 0.6 மீட்டர் அளவுக்கு இறங்கும். ஆறு மி.மீ. செய்யும் வேலையைத் தாளில் பார்த்தபோது உண்மையாகவே வியந்தேன். ஓட்டம் குறைந்தால் தரையின் சராசரிச் சூடு இறங்கும். அதை ஈடுகட்ட நீரை இன்னும் சூடாக்க வேண்டும். ஹீட் பம்ப்பில் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் மின்சாரம் கூடும்.

28 செம்பா, 32 அடுக்குக் குழாயா என்று இரண்டு நாள் யோசித்தேன். உள்விட்டம் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. என் பாதையில் வளைவுகள் குறைவு என்பதால் 32 எடுத்தேன். வளைவு நிறைந்த பாதை என்றால் செம்பைத்தான் சொல்வேன். அதன் எல்போ வழியைக் குறுக்காது. ஆக்சிஜன் தடுப்பு இல்லாத வெறும் பிளாஸ்டிக் குழாயை இங்கே போடவே கூடாது. சுவர் வழியே ஆக்சிஜன் கசிந்து இரும்புப் பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தக் கருஞ்சேறு பம்பிலும் வெப்பப் பரிமாற்றியிலும் போய்ச் சேரும். அடுக்குக் குழாயில் அலுமினியமே தடுப்பு.

32-ஐக் கையால் வளைக்க முயன்று ஒரு துண்டு மடங்கிப் போனது. பிறகு வளைக்கும் கருவியை இரவல் வாங்கி, நான்கு எல்போக்களைத் தவிர்த்தேன்.

நேற்று மாலை காற்றை வெளியேற்றி ஓடவிட்டேன். நிமிடத்துக்கு 23 லிட்டர், பம்பு பாதி வேகத்துக்குச் சற்று மேல். போவது 34, வருவது 29. இரைச்சல் இல்லை. வெளிச்சுவருக்கு அப்பால் உள்ள இரண்டு மீட்டருக்கு மட்டும் இன்னும் வெப்பக்காப்பு சுற்றவில்லை. மழைக்கு முன் முடிக்க வேண்டும்.