ஒத்திவைக்கப்பட்ட தண்டனை என்பது விடுதலையா?

"காசைக் கொடுத்து வெளியே வந்துட்டான்" என்று, திருட்டு வழக்கில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை (விதிக்கப்பட்டும் உடனே சிறைக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கப்படும் தண்டனை) பெற்ற இளைஞன் ஒருவனைப் பற்றி ஹட்டன் பஸ்ஸில் இருவர் உறுதியாகப் பேசிக்கொண்டு வந்தனர். சாதாரண திருட்டுக்கு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை கூறும் மூன்று ஆண்டுச் சிறை உச்சவரம்பே தவிர, எல்லோருக்கும் கட்டாயமாக விதிக்கப்படும் அளவு அன்று. வயது, முன்குற்றங்கள், குற்றத்தை ஒப்புக்கொண்டமை, பறிகொடுத்தவரின் இழப்பு ஆகியவற்றை நிறுத்துப் பார்த்தே நீதவான் தீர்மானிக்கிறார். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி ஒத்திவைக்கப்பட்ட தண்டனை ரத்தாவதில்லை. குறித்த காலத்துக்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றத்தைச் செய்தால், பழைய தண்டனையும் அவனைத் தேடி வரும். இதையெல்லாம் அந்த இருவரிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் கொட்டகலை வந்துவிட்டது; இறங்கிவிட்டார்கள்.